ஏழாவது மாடி வரை

பெனாசிர் மேடம் படிவத்தைத் திருப்புகிறார்.
வாரத்தில் எத்தனை நாள்?
ஐந்து. சம்பளம் வந்த வாரம் ஏழு.
எவ்வளவு?
ஒரு குவார்ட்டர். யாராவது வாங்கித் தந்தால் இன்னொன்று.
எப்போதும் யாராவது வாங்கித் தருகிறார்கள்.
கீழ்ப்பாக்கத்தின் மின்விசிறி அந்தத் தாளைத் தூக்கப் பார்க்கிறது.
ஸ்டாப்ளரை எடுத்து மேலே வைக்கிறார்.

குடித்தால்தான் கை நீளுமா?
ஆமாம் மேடம். அது நானில்லை, சரக்கு.
பத்து வருடப் பழைய பதில்.
சசிரேகாவிடம் காலையில் சொல்வேன், காபி வாங்கி வந்து.
அவள் அம்மாவிடம் சொன்னேன்.
ஸ்டேஷனில் ஏட்டையாவிடம் சொன்னேன்.
"குடியை வுட்டுர்றா, மத்தபடி நல்லவனாத்தான் கீற"
என்று அனுப்பிவைத்தார்.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
சோழிங்கநல்லூரில் பதினாலு மாடிக் கண்ணாடியை
ஏற்றி இறக்குவது என் ஸ்பேனர்.
பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கின் லிஃப்ட் மட்டும் ஓடாது.
ஏழாவது மாடி. ஏறித்தான் போக வேண்டும்.
மூன்றாவது திருப்பத்தில் மட்டும் நின்றால் ஒரு குவார்ட்டர்.
மூன்றிலும் ஐந்திலும் நின்றால் ஒன்றரை.
கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தால்
மகள் நோட்டை மூடிவிட்டு
எதிர்வீட்டுக்குப் போய்விட வேண்டும்.
இந்தக் கணக்கை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.
போன மாதம் மாடிப்படியில்
தன் சிநேகிதிக்கு அவள் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்.
ஒன்பது வயது. தப்பே இல்லாத கணக்கு.

சந்தேகம் உண்டா?
பேருந்து இருபது நிமிடம் தாமதித்தால்
என் தலைக்குள் ஒருத்தன் முளைப்பான்.
முதலில் மீசை. அப்புறம் சட்டை, இஸ்திரி போட்டது.
அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்
அவனுக்குப் பைக்கும் வாங்கித் தந்திருப்பேன்.

உங்க அப்பா குடிப்பாரா?
ஒரு சொட்டு தொட்டதில்லை மேடம்.
வெள்ளிக்கிழமை விரதம்.
பெல்ட்டை ஆணியில் மாட்டிவைப்பார்.
ஆணியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
அம்மா சோறு போடுவாள்.

மேடத்தின் பேனா நிற்கிறது.
நானும் நின்றுவிட்டேன்,
மூன்றாவது திருப்பம் போல.

குடிக்காத நாளில் அடித்தது உண்டா?

லிஃப்டின் பிரேக்கைப் பற்றி அவருக்குச் சொல்லலாம்.
கரண்ட் போனால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும்.
பிடிப்பது அதன் குணம்.
விடுவதற்குத்தான் யாராவது கரண்ட் கொடுக்க வேண்டும்.
சூப்பர்வைசர் என் அம்மாவை இழுத்துத் திட்டிய மத்தியானம்
எனக்குள் ஒரு கட்டிங் இருந்தது.
கை பாக்கெட்டை விட்டு வரவில்லை.
வாய், சாரி சார், என்றது.
பிரேக் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

காந்தி ஜெயந்தி அன்று, மேடம்.
கடை இல்லை. பிளாக்கில் வாங்கக் காசு இல்லை.
அவளுக்குச் சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு ஏறியிருந்தது.
மூன்று மாதமாகச் சொல்லவில்லை.
எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது,
அதுதான் கஷ்டம்.
மணி ஏழு பத்து.
குக்கர் இரண்டாவது விசில்.
எழுந்தேன்.
ஜன்னலைச் சாத்தினேன்.
முதலில் ஜன்னலைச் சாத்தினேன், மேடம்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
படிவத்தை என் பக்கம் தள்ளினார்.
பதிலுக்கு விட்டிருந்த இடம் இரண்டு விரல் அகலம்.
'ஜன்னல்' என்று எழுதினேன்.
அதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்று இருபத்திரண்டாவது நாள்.
வாயில் ஏலக்காய்கூட இல்லை.
எங்கும் நிற்காமல் ஏறுகிறேன்,
மூன்று, நாலு, ஐந்து,
கம்பியைத் தொடாமல்.
ஆறில் கேட்டுவிட்டது:
மேலே யாரோ அடுப்பை அணைக்கிறார்கள்.
எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் திறந்து மூடுகிறது.
நிற்காத காலடிக்கும்
அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.
அக்டோபர் இரண்டு.