ஒன்பது கல் தூரம்

கோசோங், கேள்.
முகம் சன்னல் வலைப்பக்கம் இருந்தாலும்
காது என் பக்கம் திரும்பியிருப்பது தெரிகிறது.

சனிக்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள்.
பல அடுக்குக் கார்நிறுத்தத்தின் நான்காம் தளத்தில்
யாரோ விட்டுப்போன தள்ளுவண்டிக்கு அடியில்
மூன்று நாள் கத்திக்கொண்டிருந்தவை.
ஐந்தாம் மாடி ஹுவே லிங்
அலுவலக உடுப்போடு முழங்காலிட்டு
டின் மீனைக் காட்டிக் காட்டி எடுத்தாளாம்.
ஆறு வாரம் மட்டும், என்றாள்.
ஆறு வாரம் என்பவர்களை நான் நம்புவதில்லை.
சீனியும் பாலும் இல்லாத காப்பி நிறத்தில்
உன்னையும் ஒரு வார இறுதிக்குத்தான் தந்தார்கள்.

சின்ன அறையைக் காலி செய்தேன்.
இஸ்திரிப் பலகை, ஓடாத மின்விசிறி,
சீனப் புத்தாண்டுக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டி.
பெட்டியை மட்டும் அவர்களுக்கு வைத்தேன்.

அவை படுத்த துண்டு ஒன்று முன்னதாக வந்தது.
உன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.
ஒருமுறை முகர்ந்தாய்.
வாய் பாதி திறந்து நின்றாய்,
வரித்துறைக் கடிதம் படிப்பவளைப் போல.
பிறகு அதன் நட்டநடுவில் மூத்திரம் பெய்தாய்.
சரி, பதில் கிடைத்தது.
துவைத்துப் போட்டேன்.

எனக்கு ஐந்து வயதில்
யாரும் துண்டு அனுப்பவில்லை.
மூன்று நாள் பக்கத்து வீட்டுக் கக் ரொஸ்னாவிடம்
மீ சோட்டோ தின்றுகொண்டிருந்தேன்.
நான்காம் நாள் வீட்டுக்குள் நுழைந்தால்
என் தலையணை இருந்த இடத்தில்
இரண்டு துணிமூட்டை, இரண்டு வாய்.
'தம்பியும் தங்கச்சியும், பாரு' என்றார் அப்பா,
மின்தூக்கி பழுது என்று சொல்கிற குரலில்.
சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தேன்.
பதினொரு இரவு.
பதினொன்று என்பது அம்மா சொன்ன கணக்கு.
இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தபடி
அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.
தமயந்தி இப்போதும் போனில் சிரிப்பாள்:
'எங்களைப் பார்த்துச் சீறினியாமே, அக்கா.'
சீறியிருப்பேன்.

சனிக்கிழமை வந்தது, மழையோடு.
கூடையைச் சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.
நீ அலமாரி உச்சியிலிருந்து
இறங்கவேயில்லை.
கதவிலிருந்து உன் தட்டு ஒன்பது கல் தூரம்.
தரைக்கல்லைத்தான் சொல்கிறேன்,
நீ பார்க்கிற பார்வையில்
அது ஜொகூரையும் தாண்டுகிறது.

உள்ளே இரண்டு தட்டு, வெளியே ஒன்று.
நடுவில் பேருந்து முனையச் சீருடையோடு நான்,
கையில் அவித்த கோழியோடு
சுங்கச்சாவடி அதிகாரி மாதிரி.
திங்கள் எட்டுக் கல்.
புதன் ஏழு.
வியாழன் உள்ளே ஏதோ ஒன்று தும்மியது.
மறுபடி ஒன்பது.
கோபம் இல்லை, கோசோங்.
சாலை மாற்றம் என்று அறிவித்த அன்று
அட்டவணைப்படி எந்த வண்டி வந்திருக்கிறது?

நேற்று இரவு இரண்டு மணி.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அலமாரி மேல் நீ இல்லை.
சோபாவில் இல்லை, சலவை எந்திரத்தின் மேலும் இல்லை.
சாப்பாட்டு மேசைக்கு அடியில்
இரண்டு பச்சைப் புள்ளி.

வெளியே வா என்று கூப்பிடவில்லை.
நானும் உள்ளே நுழைந்தேன்.
முழங்கால் இடித்தது, தலை இடித்தது,
கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.
நீ ஓர் அங்குலம் நகர்ந்து இடம் விட்டாய்.
விட்டாயா, விலகினாயா, தெரியவில்லை.

அங்கே படுத்தபிறகுதான் கண்டேன்:
கதவின் அடி இடுக்கு
இங்கிருந்து முழுசாகத் தெரிகிறது.
விடிவிளக்கின் கோடு,
அதைக் குறுக்கே வெட்டுகிற
எட்டுச் சின்னக் கால்களின் நிழல்.

அப்படியென்றால் அன்றைக்கும்
அம்மாவின் கட்டில்
மேசைக்கடியிலிருந்து தெரிந்திருக்க வேண்டும்.
நான் ஒளிந்திருந்ததாகவே
எல்லோரும் சொல்லிவந்தார்கள்.
நானும்.

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
இங்கிருந்து ஐந்து கல்.