ட்ரிட்டிக்கும்

ஃபெர்ராரா நகரின் மருந்துக்கடை.
நான்காவது புட்டியைத் திருப்புகிறாள் ஒர்னெல்லா.
எறும்பு எழுத்து.

உச்சந்தலையில் தீ. நகக்கண்ணில் செதில்.
தோல் வழியே கோதுமை உள்ளே போகாது
என்கிறார் டாக்டர்.
அரிப்புக்கு அது தெரிய வேண்டுமே.

பாதாம், தேன், பட்டுப் புரதம்…
பதினேழாவது பெயரில் நிற்கிறது விரல்:
ட்ரிட்டிக்கும்.

இருபது வருஷமாய்
லத்தீன் சொல்லிக்கொடுக்கிறவள்.
செத்த மொழி என்று சிரிக்கும் பிள்ளைகளிடம்
நாளை சொல்ல வேண்டும்,
ஷாம்புக்குள் அது ஒளிந்திருப்பதை.

ஏழாவது புட்டி சுத்தம்.
விலை கையைக் கடித்தது.

விடியலில்
அலசிக் காய்ந்த கூந்தலை வருட வருகிறான்
பேக்கரியிலிருந்து டல்மாட்சியோ,
மணிக்கட்டு வரை வெள்ளையாய்.

"கை…" என்கிறாள்.

குழாய்ச் சத்தம்
வெகுநேரம் கேட்கிறது.