கழிவு

மண்டபத்தில், நண்டுக் கம்பெனி மாடியில்
மூன்று வாரமாக நான் வரைவது
நான்கு பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று.
அடியில் தரவு. அதன்மேல் விதிகள்.
அதற்கு மேல், ஒருவர் சொல்வதை
இன்னொருவருக்குப் பெயர்த்துச் சொல்லும் இடையடுக்கு.
உச்சியில் முதலாளி பார்க்கும் திரை.
அதற்கு மட்டும் நிறம் தேர்ந்தாகிவிட்டது.

ஏற்கெனவே இருப்பவை ஐந்து.
ஏலக்காரரின் செயலி கூடைக் கணக்கில் பேசும்,
ஐஸ் பிளான்ட் பாளக் கணக்கில்,
கொட்டகைத் தராசு கிராமில்,
டாலி ரூபாயில்.
தூத்துக்குடி ஏற்றுமதி மென்பொருளுக்கோ
பவுண்டு தவிர எதுவும் காதில் ஏறாது.
'ஆரோக்கிய அன்னை' என்ற ஒரே படகு
ஒன்றில் ஆ.அன்னை, ஒன்றில் பதிவெண்,
ஐஸ் பில்லில் 'ஜெர்வின் போட், பாக்கி.'
மூன்றும் ஒன்றே என்று அட்டவணை போட்டபோது
கணக்கர் இபுறாம்சா எட்டிப் பார்த்து,
"ஒரே மாப்பிள்ளைக்கு மூணு பேரா?" என்றார்.

இந்த ஜன்னலில் வடகடல், எதிர் ஜன்னலில் தென்கடல்.
உவமைக்கு வசதியான ஊர்.
வந்த அன்றே எழுதினேன், பிறகு அழித்தேன்.
கடல்கள் கலப்பதற்கு
யாரும் கூட்டம் போடுவதில்லை.

சோதனை ஓட்டம், வியாழன் பின்னிரவு.
கச்சான் காற்றில் கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
பிறகு ஐந்தும் முதல்முறையாக ஒரே வரிசையில் நின்றன.
டப்பாவில் அடைத்த சதை
கொட்டகை கொடுத்த சதையைவிட
நூறு கிலோவுக்கு மூன்று கிலோ அதிகம்.

என் பிழை என்றுதான் நினைத்தேன்.
தசமம் திருத்தும் விதியை மாற்றினேன்.
ஐஸ் நீரைக் கழித்தேன். பவுண்டைத் திரும்பப் பெருக்கினேன்.
மூன்று, மூன்றாகவே நின்றது.

விடிந்ததும் கீழே இறங்கி
நம்புராணியிடம் கேட்டேன்.
கை நிற்கவில்லை, ஓடு தெறித்தது.
"கிலோவுக்கு முப்பது கிராம் கழிவுக்கா.
தண்ணி இருக்குமாம்."
எழுதுவார்களா?
"கழிக்கிறத எதுக்கு எழுதுவாக?"

ஐந்தில் எதுவும் பொய் சொல்லவில்லை.
தன்னிடம் வந்ததை ஒவ்வொன்றும் அப்படியே காத்தது.
தராசுக்கும் பதிவுக்கும் நடுவே
ஒரு கை அகலம், அவ்வளவுதான்.

முதலாளி திரையைப் பார்த்து, நிறம் நல்லாயிருக்கு என்றார்.
"அந்த மூணு மேல வர வேணாம்மா,
கீழேயே கெடக்கட்டும். அதுக்குத்தானே அடுக்கு?"

அதற்குத்தான்.
மேலடுக்குக்குக் கீழடுக்கின் உள்விவகாரம் தெரியவேண்டியதில்லை:
முதல் கூட்டத்தில்
லேசர் புள்ளியால் வட்டம் போட்டு
நான்தான் சொன்னேன்.

மேலே எதையும் சேர்க்கவில்லை.
அடியில் ஒரு புலம் திறந்தேன், பெயர் கழிவு.
கட்டாயம். காலியாக விட்டால் எடை பதியாது.
பதிவதெல்லாம் கொட்டகைத் துண்டுச்சீட்டில் அச்சாகும்.
துண்டுச்சீட்டின் வடிவத்தை
யாரும் ஒப்புதலுக்குக் கேட்பதில்லை.

திங்கட்கிழமை, மதுரை பஸ் பரமக்குடி தாண்டும்போது
இபுறாம்சா ஒரு படம் அனுப்பினார்.
ஈரவிரல் பட்டுச் சுருங்கிய காகிதம்:
நம்புராணி, 4.850. கழிவு, 0.145.
கீழே அவர் எழுத்து:
"வரிசையில நிக்கிறாக. சீட்டுக்கு."

என் கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
எந்த அடுக்கில் நிற்கிறதென்று
எனக்குத் தெரியும்.