எட்டு நிமிடம்

பேருந்துகளுக்கு நேரம் குறிப்பது என் வேலை.
உட்லண்ட்ஸ் பணிமனை, இரண்டாம் மாடி, மூன்று திரைகள்.
ஐந்து முப்பத்தாறுக்குக் கிளம்ப வேண்டியது
ஐந்து முப்பத்தெட்டுக்குக் கிளம்பினால்
பல்லிடுக்கில் மாட்டிய நார்போல
அன்று முழுக்க நாக்கு அங்கேயே போகும்.

பரிமளாவுக்குத் தைப்பிங்கில் வேலை கிடைத்திருக்கிறது.
சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம், தலைமைத் தாதி.
சம்பளம் ரிங்கிட்டில்.
அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியவள்
அடுத்ததற்கு உயர்த்திக்கொண்டாள்:
"மொத்தமே நாப்பத்தெட்டு நோயாளி.
எல்லார் பேரும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."
இங்கே அவளுக்குத் தெரிந்தவை கட்டில் எண்கள்.

கணக்குப் போட்டோம்.
புக்கிட் பாஞ்சாங் நாலறை வீட்டை விற்றால் இவ்வளவு,
அதில் மத்திய சேமநிதிக்குத் திரும்பப் போவது இவ்வளவு,
மிச்சத்துக்கு அங்கே இரண்டு கார் நிற்கும் வீடு.
எங்களிடம் ஒரு கார்கூட இல்லை.
தருணேஷின் பள்ளிக்கு எதிரே நான் கேள்விக்குறி போட்டேன்.
அவள் அதை அழித்து 'அவனையே கேளுங்க' என்று எழுதினாள்.
கேட்டோம்.
"அங்க நான் யாரோட பேட்மிண்டன் ஆடுறது?"
அதற்கு எங்கள் அட்டவணையில் கட்டமில்லை.
என் வேலைக்குக் கட்டம் இருந்தது.
பரிமளா அதைக் காலியாக விட்டிருந்தாள்,
அன்பாகத்தான்.

மார்ச் விடுமுறையில் போய்ப் பார்த்தோம்.
மழை.
ஏரிக்கரை மரங்கள் சாலையைத் தாண்டிக் குனிந்து
தண்ணீரில் கை நனைத்துக்கொண்டிருந்தன.
இங்கே என்றால் எண் ஒட்டி, முட்டுக்கொடுத்து,
சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருப்போம்.
ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போனால்
கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
எங்களைப் பார்த்ததும் இரண்டை இறக்கிப் போட்டார்.
மூன்றாவதை நானே இறக்கினேன்.

மறுநாள் நிறுத்தத்தில் குடையோடு நின்ற பெண்ணிடம் கேட்டேன்,
பஸ் எத்தனை மணிக்கு?
"வரும்."
எத்தனை மணிக்கு வரும்?
"வரும் அண்ணே."
பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.
பதினேழு வருடமாக
அந்த ஒரு சொல்லை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.
வந்தது. இருபத்து மூன்று நிமிடம் கழித்து.
பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மின்தூக்கியில் எதிர்வீட்டு ரொஸ்னா கேட்டார்,
போகிறீர்களாமே?
இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன்.
கமுண்டிங்கில் அவர் அக்கா இருக்கிறாராம், எண் தருகிறாராம்,
மருதாணிக்கு எந்தக் கடை, கோழிக்கு எந்தக் கடை.
கதவைக் காலால் மறித்துக்கொண்டே சொன்னார்,
மின்தூக்கி கத்தக் கத்த.
பன்னிரண்டு வருடத்தில் அதுதான் எங்கள் நீளமான பேச்சு.

நாளை வெள்ளி. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
இன்று காலை நிறுத்தத்தில்
பலகை 'வருகிறது' என்றது, வந்தது,
கதவு திறந்தது.
ஓட்டுநருக்கு என்னைத் தெரியும். புருவத்தை உயர்த்தினார்.
நீங்க போங்க என்று கையைக் காட்டினேன்,
ஏனென்று தெரியாமல்.
அடுத்தது எட்டு நிமிடம்.
டிசம்பரில் ஆறை எட்டாக்கியது நான்தான்.
எட்டு எவ்வளவு நீளம் என்று
அப்போது நான் உட்கார்ந்து பார்க்கவில்லை.

குப்பைத்தொட்டியைக் கழுவிய தண்ணீர்
காலுக்குக் கீழே வந்து, யோசித்து, வளைந்து போனது.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.
ஏழு. ஆறு.
பிறகு பலகையைப் பார்க்காமல் இருந்தேன்.
கைப்பேசி நடுங்கியது. பரிமளா:
'என்ன சொல்லட்டும்?'

பக்கத்தில் வந்து அமர்ந்தவர்
மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்,
"அடுத்த பஸ் எப்போ?"

"வரும்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
எழுந்துபோய்ப் பலகையைப் படித்தார்.