நாற்பத்து மூன்றாம் தாங்கி

மஞ்சூருக்குக் கீழே
இந்தக் குழாய்க்கு ஒரே நாளில் இரண்டு பருவம்.
தலைமாட்டில், வால்வு வீட்டுக் கூரையில் உறைபனி.
கால்மாட்டில், பவர் ஹவுஸில் மின்விசிறி.
நடுவே ஆயிரத்து நானூறு படி,
விஞ்ச் டிராலி ஓடாத நாட்களில்
என் முழங்கால் எண்ணிய கணக்கு.

நீர் ஓடும்வரை குழாய் அடக்கம்.
அணைநீர் குளிர், இரும்பும் குளிர்.
வடித்துக் காலியாக வெயிலில் கிடத்தினால்தான்
ஒரு நங்கூரக் கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே
விரல் அகலம் நீளும்.
ராத்திரி அதை உள்ளிழுத்துக்கொள்ளும்.
அதற்குத்தான் தாங்கியின் மேல் வழுக்குத் தகடு,
தகட்டின் மேல் கிராஃபைட் பூச்சு,
பூச்சின் மேல்
போன மழையில் இறங்கிய செம்மண்,
யூகலிப்டஸ் சருகு, ஒரு தவளை.

நாற்பத்து மூன்றில் வழுக்க இடமே இல்லை.
யாரோ வெல்டு வைத்திருந்தார்கள்,
சுற்றிவர, தடிமனாக, அக்கறையாக.

பதிவேட்டைப் புரட்டினேன்.
'நிலை' என்ற கட்டத்தில்
பதினோரு வருஷமாக ஒரே சொல்: தாங்கும்.
பதினோரு கையெழுத்து.
கடைசி மூன்றும் என்னுடையவை.

"காட்டெருமை, மேடம்" என்றார் போஜன்.
"சாயங்காலம் வந்து முதுகு தேய்க்கும்.
குழாய் ஆடுதுன்னு பயந்து
காண்ட்ராக்ட் ஆளு பத்தவெச்சுட்டுப் போனான்.
டார்ச் பிடிச்சது நாந்தான்."

ஆடியது குழாய் இல்லை, படியோரக் கைப்பிடிக் கம்பி.

நாற்பத்து மூன்று நகர மறுத்ததை
நாற்பத்து நான்கு வாங்கிக்கொண்டிருந்தது.
பீடத்து கான்கிரீட்டில் விரிசல்,
பத்து ரூபாய் நாணயம் செருகலாம்.
செருகினேன். திரும்ப எடுக்க வரவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்
உருளைத் தாங்கி போடலாம் என்று படம் காட்டினார்.
அழகான படம். அதில் சருகே இல்லை.
மூடுபனியில் இறங்கி உருளைக்கு யார் கிரீஸ் வைப்பது?
நான் கேட்டது டெஃப்லான் தகடு,
அதன்மேல் துருப்பிடிக்காத எஃகு,
சுற்றிலும் ஒரு ரப்பர் பாவாடை.
"பாவாடையா?" சிரித்தார்கள்.
மினிட்ஸில் 'தடுப்பு உறை' என்று ஏறியது.

ஷட்டவுன். நீர் நின்றதும்
மலை வேறு யாரோபோல் இருந்தது.
ஐம்பது டன் ஜாக்கி இரண்டு.
கிரைண்டரை போஜன் வாங்கினார்,
வேறு யாருக்கும் தரவில்லை.
வெல்டின் கடைசி அங்குலம் அறுந்தபோது
குழாய் ஒரு சத்தம் போட்டது.
வெடி இல்லை,
பஸ் சீட்டில் மடங்கிக் கிடந்தவர்
ஊட்டி வந்ததும் கால் நீட்டுகிற சத்தம்.
ஸ்கேலை வைத்தேன். பதினேழு மில்லிமீட்டர்,
கீழ்ப்பக்கமாக.

பதிவேட்டில் 'தா' வரைக்கும் எழுதி
அடித்துவிட்டு 17 என்று போட்டேன்.
மறுநாள் விடியலில் 2.
மதியம் மறுபடி 16.

காட்டெருமை வந்ததா என்று கேட்டேன்.
"வந்துச்சு. கம்பி நட்டை இறுக்கிட்டேன்."

விரிசலை எபாக்ஸி ஊற்றி அடைத்தார்கள்.
பத்து ரூபாய் உள்ளேதான் இருக்கிறது,
எந்தக் கணக்கிலும் ஏறாமல்.