றொக்சியின் வால்

முதலில் ஆட்டுத்தாடி.
நாவாந்துறை இறைச்சிக்கடையில் ஞாயிறு காலை
"என்னத்துக்கு?" என்று ஒருநாளும் கேட்காமல்
பையில் போட்டுத் தருவார் நிஸ்வர்.
கழுவி, உலர்த்திச் சீவினால் நல்ல மயிர்தான்.
ஆனால் முரடு.
தண்ணீருக்குள் இறங்கியதும்
கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி
விறைத்து நிற்கும்.
கொடுவா அருகில் வரும், பார்க்கும்,
வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பிப் போகும்.

பகலில் சட்டை தைக்கிறேன்.
குருநகர் ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
ஒற்றை அறை, இரண்டு மெஷின்.
இரவு பத்துக்குப் பிறகு அதே மேசையில்
கணவாய் ஓட்டைக் குடைந்து அச்சாக்கி
ரின்பால் பேணியில் பழைய வலை ஈயம் உருக்கி ஊற்றுவேன்.
ஆறினால்
நெல்லிக்கொட்டை அளவில் ஒரு தலை, ஒரு கொக்கி,
கண்ணில்லாத முகம்.
கண் வைப்பது கியூட்டெக்ஸால்:
தங்கச்சியின் கலியாணத்துக்கென்று வாங்கி
ஒரேயொருதரம் விரலில் பூசிய சிவப்பு.

மிச்சம் வால்.

டொமிற்றிலா ரீச்சரின் நாய்
மத்தியானங்களில் என் மெஷினுக்குக் கீழே
வெட்டுத்துணிக் குவியலில் வந்து படுக்கும்.
செம்மண் நிறம், நுனியில் மட்டும் வெள்ளை.
கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.
அது நித்திரை.
ஒரு கிள்ளு.
பிறகு இன்னொரு நாள் இன்னொரு கிள்ளு.

அடிப்பஞ்சை ஊதிவிட்டு
லிப்ஸ்ரிக் மூடிக்குள் நுனி கீழாகப் போட்டு
மேசையில் நாலு தட்டு.
நுனிகள் எல்லாம் ஒரே வரிக்கு வரும்.
பொபின் நூலால் எட்டுச் சுற்று.
கூட இறுக்கினால் மயிர் விசிறியாய் விரியும்,
தளர விட்டால் கொக்கியைச் சுற்றி ஓடும்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் இறுக்கம் இருக்கிறது.
ரவிக்கைக் கை தைத்தவளுக்கு
அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாளியில் தண்ணீர் நிறைத்து விட்டுப் பார்த்தேன்.
நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பவர்கள்
அதைத் தண்ணீருக்குள் பார்த்ததில்லை.
இழுக்க, ஒரு கோடாய் ஒடுங்கியது.
விட, மூச்சு விடுவதுபோல் அகன்றது.
நான் அசையாத நேரத்திலும்
அது அசைந்தது.

பண்ணைப் பாலத்தில் விடியமுன்னம்
பொம்பிளை ஒருத்தி நின்று எறிகிறாள் என்று
சைக்கிளை நிறுத்திப் பார்த்தவர்கள்
அன்றைக்குக் கொஞ்சம் கூட நேரம் நின்றார்கள்.
நாலேகால் கிலோ.
வாய் திறந்தபோது
உள்ளே வெள்ளை நுனி.

"வாலில என்னவோ வருத்தம், அனற்றா,"
மாலையில் ரீச்சர் வந்து நின்றார்.
"சொறி இல்லையெண்டு டொக்டர் சொல்லிட்டார்.
விற்றமின் குளிசைதான் தந்தவர்."
நான் ஊசிக்கு நூல் கோத்தேன்.
இரண்டாம்தரமும் கோத்தேன்.
பிறகு எழும்பிப் போய்
மீனில் பாதியைத் தலையோடு வெட்டிச் சுற்றிக் கொடுத்தேன்.
இரவு மதிலுக்கு அந்தப்பக்கம்
எலும்பு நொருங்கும் சத்தம்.
றொக்சி
தன் வாலை விழுங்கிய தலையைத்
தின்றுகொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு சட்டை எடுக்க வந்த ரீச்சர்
மேசையில் காய்ந்துகொண்டிருந்ததைத் தூக்கி
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
சிவப்புக் கண். செம்மண் மயிர்.
ஒன்றும் சொல்லவில்லை.
சட்டைக்காசை மட்டும்
சில்லறையாய் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தநாள் மதிலில் ஒரு சவர்க்காரப் பெட்டி.
நிறைய மயிர், சீப்பில் வந்தது.
மேலே, திருத்துகிற சிவப்புப் பேனையால்:
"வெட்டாதை. சீவு."

போன கிழமை ஒன்று அறுத்துக்கொண்டு போனது.
பெரிசு. முகத்தைக்கூடக் காட்டவில்லை.
வாய்க்கால் தண்ணீருக்கே பயந்து
சுற்றுவழியால் வருகிற நாய் அது.
அதன் வாலில் ஒரு கிள்ளு மட்டும் இப்போது
மண்டைதீவுப் பக்கம் எங்கேயோ,
ஒரு கொடுவாவின் சொண்டில்,
யாரையோ கண்டதுபோல
ஆடிக்கொண்டு.