உறை

வெல்லாவெளியில் பத்து மணிக்கு முன் எடுத்த இரத்தம்
எங்களுக்கு உதவாது.
பகலெல்லாம் அந்தப் புழு
நுரையீரலின் குறுகலில் கிடக்கும்.
நுளம்பு கிளம்பும் நேரத்துக்குத்தான் தோலுக்கு வரும்.
மணிக்கூடு பார்க்க
அதற்குக் கண்ணே இல்லை.

ஆகவே நாங்களும் பத்துக்குப் போனோம்.
ஒரு பைக், இரண்டு டோர்ச்,
ஸ்லைட் பெட்டியை மடியில் வைத்தபடி நான் பின்னால்.

அன்று பின்னேரம்தான் தும்பங்கேணிக் குளத்தில்
சல்வீனியாவை வாளியில் போட்டு அலசியிருந்தோம்.
மான்சோனியாக் குடம்பி, மற்றதுகள் மாதிரி
மூச்சு வாங்க மேலே வராது.
வேரைத் துளைத்துக் கொழுவிக்கொண்டு
செடியின் காற்றைக் களவெடுக்கும்.
எண்ணெய் ஊற்றினாலும் சாகாத சாதி.
இருநூற்றுப் பதினேழு என்று கொப்பியில் எழுதினேன்.
சோறு தின்னும்போதும் விரலில் குளம் மணத்தது.

வேறு ஊர்களில் கதவைத் தட்டினால் லைட் எரியும்.
இங்கே தட்டினால் அணையும்.
பயிற்சிப் பட்டறையில் இதை யாரும் சொல்லவில்லை.
கையேட்டின் நான்காம் பக்கம் சொல்கிறது:
வீட்டில் உள்ளோரின் தொகையைக் கேட்டுப் பதியவும்.
ராவில் வந்து, தலை எண்ணி, பேர் எழுதுகிறவர்களை
இந்த ஒழுங்கைக்கு
எங்களுக்கு முன்பே தெரியும்.

நாற்பத்தோராம் வீடு.
“ஆரு?”
கோபிதன் தன் பேரைச் சொன்னான்.
“மத்தது?”
“சஹீலா. சம்மாந்துறை.”
உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“ஆரைத் தேடுறீங்க?”
“ஆளை இல்ல அக்கா. புழுவை.”
சிரிப்போ இருமலோ, ஒன்று வந்தது.
“முதல்ல நாய்க்குக் குத்துங்க கா.
அது கத்தாட்டி மறுகா பாப்பம்.”

காதோரம் குத்தினேன்.
கத்தவில்லை.
கோபிதனின் பிஸ்கட்டை முடித்துவிட்டு
என் முழங்கையை மணந்து பார்த்தது.

கதவு ஒரு சாண் திறந்தது.
முகம் வரவில்லை, ஒரு கைதான் வந்தது.
மோதிர விரலில் நகம் பாதிதான்,
மற்றப் பாதி அரிசி மில்லில் போனதாம்.
மூன்று துளி. வட்டமாய்ப் பரப்பினேன்.
“வீட்டில எத்தனை பேர்?”
“நாலு.”
கதவு சாத்தி, கொண்டி விழுந்து,
நாங்கள் படலை தாண்டிய பிறகு
உள்ளிருந்து குரல் வந்தது:
“மூண்டெண்டு எழுதுங்க.”

பேனையால் வெட்டி எழுதினேன்.
வெட்டிய நாலு இன்னும் தெரிகிறது.

கீம்சாவில் ஊறி, கழுவி, காய்ந்த பின்
லென்ஸுக்குக் கீழே முதலில் நாய்.
நாய்க்கே உரிய புழுவென்றால் உறை இருக்காது.
இதற்கு இருந்தது.
அண்ணனின் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி
தலைக்கும் வாலுக்கும் வெளியே நீண்டு தொங்கும் உறை,
வால் நுனியில் தள்ளித் தள்ளி இரண்டு கரு.
யானைக்கால் புழு, நாயின் இரத்தத்தில்,
பதினெட்டு.

அவளுடைய ஸ்லைடில் ஒன்று.
அந்த ஒன்றை மூன்று தரம் எண்ணினேன்.

அவளுக்குப் பன்னிரண்டு நாள் குளிசை
எங்கள் அலுமாரியில் இருக்கிறது.
நாய் வேறு திணைக்களம்.
கடிதம் போட்டோம். நினைவூட்டலும் போட்டோம்.
ஐவர்மெக்டினை நான் காசு கொடுத்து வாங்கி
கைப்பைக்குள் வைத்தேன்.

இந்த முறை பகலில் போனேன்.
கதவு அகலத் திறந்து கிடந்தது, ஆளில்லை.
வயலில் களை பிடுங்கும் பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர்,
குனிந்த முதுகுகள்.
முகத்தால் எனக்கு ஒருத்தியையும் தெரியாது.
விரல்களெல்லாம் சேற்றுக்குள்.

வரம்பில் கிடந்த நாய் தலையைத் தூக்கியது.
என்னைக் கண்டு காதை மடித்தது.
எழும்பி, கிறுகிக் கிறுகிப் பார்த்தபடி ஓடி
ஒருத்தியின் பின்னால் போய் ஒளிந்தது.